ஏழாம் பாய்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கூட்டத்தில் பெயரைச் சொல்லச் சொன்னாலே நான் பின்வரிசைக்கு நழுவிவிடுவேன் என்பது உங்களுக்கே தெரியும். வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கிற நம் குழுவுக்கு ஒரு மலர் போடப் போகிறோம், எல்லோரும் எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் புண் துடைக்கத் தெரியும். ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியும். சிக்கு விழுந்த தலையை வலிக்காமல் வாரிவிடத் தெரியும். இதையெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள்?

அதனால் சின்ன வயதில் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். அந்தக் காலத்துக் கண் முகாம் உங்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்குப் போல காலையில் போய்ச் சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்புகிற வேலை இல்லை அது. பள்ளிக்கூடத்திலேயே பாய் விரித்து, இரண்டு கண்ணையும் கட்டி, நாட்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். அப்படி ஒரு முகாமில் நான் இருந்தேன். நான் செய்தது ஈ ஓட்டியது மட்டும்தான்.

அப்போது சின்னமனூரில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காலாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடிய நேரம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளையெல்லாம் தூக்கித் தாழ்வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் அறைக்கு வெள்ளையடித்து அதை ஆபரேஷன் அறையாக மாற்றியிருந்தார்கள். மதுரையிலிருந்து வேனில் டாக்டரும் நர்சம்மாக்களும் வந்திருந்தார்கள். மற்ற வேலையெல்லாம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்தான் முகாமுக்குத் தலைவர். எங்களுக்கு உறவில்லை, ஆனாலும் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது மாதர் சங்கம். அதில் என் அம்மா இருந்தாள். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாமல் கூடவே கூட்டிக்கொண்டு போனாள்.

முகாமுக்கு முந்தின வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மணல் மூட்டை தைத்தார்கள். ஆபரேஷன் ஆனவர்கள் தூக்கத்தில் தலையைத் திருப்பிவிடக் கூடாது. அதற்காகத் தலைக்கு இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்கு ஒரு மணல் மூட்டை வைப்பார்கள். முல்லையாற்று மணலைக் கொண்டுவந்து, சலித்து, மொட்டை மாடியில் காயவைத்து, பழைய துணியில் பை தைத்து நிரப்பினார்கள். துணி போதாமல் போனது. எனக்குச் சின்னதாகிப்போன பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையையும் கிழித்து என் அம்மா ஒரு மூட்டை தைத்தாள். அந்த நீல மூட்டை எந்தப் பாய்க்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஏழாம் பாய்க்குப் போனது.

முகாமில் யாருக்கும் பெயர் கிடையாது. பாய் நம்பர்தான். மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டி அதில் நம்பர் எழுதியிருப்பார்கள். ஏழாம் பாய்க்குக் கஞ்சி, பன்னிரண்டாம் பாய்க்குச் சொட்டு மருந்து என்று சொல்லித்தான் வேலை நடக்கும். ஏழாம் பாய் மேகமலையிலிருந்து வந்த அம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நான் மனதுக்குள் எஸ்டேட்காரம்மா என்று வைத்துக்கொண்டேன். அவருடைய மகன் ஜீப்பில் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். இருபத்தைந்து வயது இருக்கும். கன்னம் வரை முறுக்கிவிட்ட பெரிய மீசை. அவர் தாழ்வாரத்தைத் தாண்டும்போது நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் அந்த மீசையைத்தான் பார்த்தோம்.

எஸ்டேட்காரம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கண் மங்கிப்போன இரண்டு வருடத்தில் வந்தது என்றார். யார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் நெற்றியில் கையை வைத்து, மூக்கு வழியாக இறக்கி, உதடு, தாடை வரை ஒருமுறை தடவிப் பார்ப்பார். பிறகுதான் பேசுவார். என்னையும் தடவினார். அவர் கை பச்சைத் தேயிலை வாடை அடித்தது. விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்தது, முகத்தில் உரசியது.

"சின்ன மூக்கு. மூக்குக்குக் கீழ வேர்வை. வெயில்ல ஆடிட்டு வந்திருக்க," என்றார்.

மகனை அனுப்பும்போதும் அப்படித்தான் தடவினார். மீசை வந்ததும் இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். "இந்த மீசை எங்கிருந்து வந்துச்சோ. இவுக அப்பா ஒருநாளும் வச்சதில்ல," என்று என் அம்மாவிடம் சொன்னார். மகன் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் அம்மா அவருக்குத் தலை பின்னிவிட்டாள். அப்போதுதான் வந்த காரணத்தைச் சொன்னார். கொழுந்து எது முற்றல் எது என்று தெரியாமல் போனதால் முந்தின வாரம்தான் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். அதுகூடப் பெரிதில்லை. வீட்டுக்காரர் மார்ச்சளி முற்றி, தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய லயத்து வீட்டில் படுத்துவிட்டார்.

"எளைச்சிட்டாரு எளைச்சிட்டாருன்னு எல்லாரும் சொல்றாக தாயி. என் கைக்கு எலும்புதான் தட்டுப்படுது. மொகம் எப்பிடி இருக்குன்னு ரெண்டு வருசமாத் தெரியல. ஒருக்காக் கண்ணால பாத்துட்டா என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சிரும். அவரும், நீ போய்ட்டு வா, நான் இங்கனதான கெடக்கப்போறேன்னாரு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு கண்ணையும் கட்டித் தூக்கிவந்து பாயில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். வலது பக்கம் வெள்ளை மூட்டை, இடது பக்கம் என் நீல மூட்டை. நான் பனையோலை விசிறியோடு நீலப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கட்டளைகள் நிறைய இருந்தன. இருமக் கூடாது. தும்மக் கூடாது. குனியக் கூடாது. எதையும் மெல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அழக் கூடாது. முந்தின முகாமில் ஒருவர் இருமி இருமியே தையல் பிரிந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டாராம். என் அம்மா அதைக் கூடவே இருந்து பார்த்தவள். அதனால் சமையல்காரரிடம் தாளிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிளகாய் கருகினால் கூடம் முழுக்கத் தும்மும் அல்லவா. ரவைக் கஞ்சி, பால் ரொட்டி, கரைத்த தயிர்ச்சோறு. நாங்களும் அதையேதான் சாப்பிட்டோம். இன்றைக்கும் தாளிக்காத சாப்பாட்டை வாயில் வைத்தால் எனக்கு டெட்டால் வாடை வருகிறது.

எட்டாம் பாய் பொட்டிப்புரத்துக்காரம்மா. வெற்றிலை போடுகிறவர். மெல்லக் கூடாது என்றதும் அவருக்கு உயிர் போய்விட்டது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்.

"ஏ ஆத்தா, கண்ணத்தான வெட்டுனாக. வாய எதுக்குக் கட்டிப்போட்டீக? ஒரு காம்பக் கிள்ளியாச்சும் குடு."

என் அம்மா கஞ்சியைக் கொண்டுபோனால், "இத மாட்டுக்கு வச்சா மாடு கூட என்னன்னு ஒருக்காக் கேக்கும்," என்பார். சிரிக்கவும் கூடாது என்று கட்டளை இருந்தது. எஸ்டேட்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு வயிறு குலுங்கப் படுத்திருப்பார்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் காலையில் தேயிலை லாரி வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சமையல் கொட்டகை இருந்தது. நான் அங்கே பால் வாங்கப் போயிருந்தேன். லாரி டிரைவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். எதிரில் பெரியப்பாவும் என் அம்மாவும் சங்கத்து அக்கா ஒருவரும் நின்றார்கள். எஸ்டேட்காரம்மாவின் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னால் இறந்துவிட்டார் என்று டிரைவர் சொன்னார். மலை மேல் குளிர் என்பதால் மறுநாள் மத்தியானம் வரை வைத்திருக்கலாம் என்று மகன் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஜீப்பில் ஏற்றி அனுப்ப முடியாது என்று பெரியப்பா சொன்னார். அந்தப் பாதையில் நல்ல ஆளுக்கே குடல் கலங்கும். தையல் போட்ட கண் என்ன ஆகும்? டிரைவருக்கும் அது புரிந்தது. அவர் வேறொன்று சொன்னார்.

"அப்ப நான் லாரியிலயே அவரக் கீழ கொண்டாந்துர்றேன் மொதலாளி. வாசல்ல செத்த நேரம் நிறுத்துறேன். அந்தம்மாவக் கையப் பிடிச்சுக் கூட்டியாந்து மொகத்தத் தடவிப் பாக்க விடுங்க. கட்டெல்லாம் அவுக்க வேணாம். அதுக்குக் கைதான கண்ணு."

அடுப்பில் கஞ்சி கொதித்தது. பெரியப்பா கெட்டவர் இல்லை. அந்த முகாமுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர். வயதான ஒரு பாய்க்காரர் படுத்த இடத்திலேயே வெளிக்குப் போய்விட்டபோது, ஒருத்தரையும் கூப்பிடாமல் தானே துடைத்துவிட்டவர். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"பொணத்தக் கொண்டாந்து வாசல்ல நிறுத்துனா உள்ள இருக்கிற அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிரும்ப்பா. ஒருத்தி வாய்விட்டு அழுதா எல்லாரும் எந்திரிச்சு அழுவாக. ஒரு கண்ணப் பாத்தா இத்தன கண்ணும் போயிரும்."

"அப்ப நான் என்னன்னு போய்ச் சொல்ல?" என்று டிரைவர் என் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அடக்கம் பண்ணிறச் சொல்லுங்கண்ணே. கட்டு அவுத்ததும் நாங்க பக்குவமாச் சொல்லிக்கிறோம்," என்றாள் என் அம்மா.

டாக்டர் அப்போது இருபதடி தூரத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. டாக்டரைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நான் பாலைக் கொண்டுவந்து கொடுத்தேன். எஸ்டேட்காரம்மா தலையை அசைக்காமல் கேட்டார்.

"லாரி சத்தம் கேட்டுச்சே. எங்க எஸ்டேட்டு லாரியாட்டம் இருந்துச்சு. கியரு போடும்போது முனகும். டிரைவரு எதும் சொல்லிவிட்டாகளா?"

எனக்குப் பின்னால் வந்த என் அம்மா பதில் சொன்னாள். வெங்காயம் இறக்க வந்த லாரி என்றாள். எஸ்டேட்காரம்மா சரி என்றார்.

மறுநாள் மத்தியானம் அவருக்கு என் அம்மாவே கஞ்சி ஊட்டினாள். மற்ற நாட்களில் அதைச் சங்கத்து அக்காதான் செய்வார். ஒவ்வொரு கரண்டிக்கும் வாயைத் துடைத்துவிட்டாள். நடுவில் ஒருமுறை மலைப்பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வழியாக மேகம்தான் தெரிந்தது.

"இன்னைக்கு என்ன தாயி, நீயே ஊட்டுற?"

"சும்மாத்தான்க்கா."

"ரெண்டு நாளுதான இருக்கு கட்டு அவுக்க. அவுத்ததும் மொத ஜீப்புலயே அனுப்பிவிட்ரு. அவரு பாத்துக்கிட்டுக் கெடப்பாரு."

அனுப்புகிறேன் என்று என் அம்மா சொன்னாள்.

அடக்கம் முடிந்த அன்றே சாயங்காலம் மகன் வந்துவிட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. தாயிடம் சொல்லாமல் அப்பனை மூடிவிட்டு எப்படி வீட்டில் இருப்பது என்று கேட்டாராம். மொட்டையடித்திருந்தார். தலை பச்சையாக இருந்தது, காதுக்குப் பின்னால் கத்தி பட்ட கீறலில் சந்தனம். பெரியப்பாவும் என் அம்மாவும் அவரைச் சமையல் கொட்டகைக்குக் கூட்டிப்போய் வைத்துப் பேசினார்கள். அம்மாவைப் பார்க்கலாம், ஆனால் சொல்லக் கூடாது. அப்பா எப்படி என்று கேட்டால் நன்றாக இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். தலையைத் தடவுவார், அதற்கு என்ன செய்வது என்று பெரியப்பா யோசித்தார். கடையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்துவரச் சொல்லி, அவரே மகனுக்குத் தலைப்பாகையாகக் கட்டிவிட்டார். நெற்றி வரை இறக்கி இறுக்கிக் கட்டினார். மழைத் தூறல், அதனால் துண்டு கட்டியிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னார்.

மகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வந்து பாய் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் நீலப் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தேன். என் அம்மா கால்மாட்டில் நின்றாள்.

"அம்மா," என்றார்.

எஸ்டேட்காரம்மா கையை நீட்டினார். துண்டைத் தொட்டார். மழையா என்று கேட்டார். தூறல் என்று மகன் சொன்னார். கை நெற்றிக்கு இறங்கியது. மூக்குக்கு இறங்கியது. உதட்டுக்கு மேலே வந்து நின்றது.

மீசை இல்லை. எங்கள் யாருக்கும் மீசை ஞாபகம் வரவில்லை. அப்பனுக்குக் கடைசிக் காரியம் செய்கிறவன் தலையோடு மீசையையும் எடுத்துவிடுவான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தலையை மறைக்கவேண்டும் என்று தோன்றியவர்களுக்கு அது தோன்றவில்லை.

ஒரு விரல் மட்டும் அந்த இடத்தில் இடமிருந்து வலமாகப் போனது. திரும்பி வந்தது. பிறகு கையை எடுத்துத் தன் பக்கத்தில், பாயின் மேல் வைத்துக்கொண்டார்.

"சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"சாப்ட்டேம்மா."

"தங்கச்சிக்குச் சொல்லிவிட்டீகளா?"

"சொல்லியாச்சும்மா. வந்திருந்துச்சு."

"மாப்பிள்ளையும் வந்தாகளா?"

"வந்தாக."

"சரி. இருட்டுமுன்ன ஏறிப் போயிரு. பாதை சரியில்ல."

மகன் எழுந்து போனார். அப்பா எப்படி இருக்கிறார் என்று எஸ்டேட்காரம்மா கேட்கவே இல்லை. ஆபரேஷன் நடந்ததைத்தான் மகளுக்குச் சொல்லிவிட்டார்களா என்று கேட்கிறார் என என் அம்மா நினைத்துக்கொண்டாள். நல்லவேளை, கேட்கவில்லை என்று பெரியப்பாவிடம் போய்ச் சொன்னாள். பெரியப்பா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஆண்டவன் புண்ணியம் என்றார்.

அடிபம்பில் என் அம்மா கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தபோது நான் போய்ச் சொன்னேன். அந்தம்மா மீசையைத் தேடுச்சும்மா என்றேன். என் அம்மா கழுவிய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"சும்மா கெட. அதெல்லாம் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா அழுகாம இருப்பாகளா?"

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. தெரிந்தால் அழுவார்கள். எங்கள் தெருவில் நான் பார்த்த எல்லாச் சாவிலும் அப்படித்தான் இருந்தது.

அதன்பிறகு கட்டு அவிழ்க்கும் வரை எஸ்டேட்காரம்மா தானாகப் பேசவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தார். கஞ்சி கொடுத்தால் விழுங்கினார். இடது கை மட்டும் நீல மூட்டையின் மேல் இருந்தது. உள்ளங்கையால் அமுக்குவார், விடுவார். மணல் உள்ளே நகர்கிற சத்தம் விசிறிச் சத்தத்துக்கு நடுவில் கேட்கும். கட்டு மாற்ற வந்த நர்சம்மா, இருக்கிறதிலேயே சுத்தமான கண் இதுதான் என்றார். வீக்கமில்லை, சிவப்பில்லை, இப்படித்தான் சொன்னபடி படுத்திருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். என் அம்மாவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

எட்டாம் பாய்க்காரம்மாதான் ஒருமுறை கேட்டார்.

"ஏ ஏழு, என்ன சத்தத்தையே காணோம்? நான் வெத்தலைக்கு அழுகுறேன், நீ எதுக்கு வாயக் கட்டிட்ட?"

"கண்ணுக்கு நல்லதுன்னு சும்மா கெடக்கேன்."

எட்டாம் பாய்க்காரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கு முழுக்க வெற்றிலையும் கேட்கவில்லை.

இதை இங்கே சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு வீட்டுக்குப் போகிறோம். வாசலிலேயே நம்மை நிறுத்தி, அவருக்கு என்ன நோய் என்று தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்கிறார்கள். நீங்களும் தலையாட்டுகிறீர்கள், நானும் தலையாட்டுகிறேன். உள்ளே போனதும் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கை என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறேன். போர்வை ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. புண்ணைத் துடைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

கட்டு அவிழ்க்கிற நாள் ஒரு சின்ன விழா மாதிரி நடந்தது. டாக்டர் ஒவ்வொரு பாயாக வந்து கட்டைப் பிரித்தார். தடித்த கண்ணாடியை மாட்டி, விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். எட்டாம் பாய்க்காரம்மா மூன்று விரலுக்கு மூன்று என்று சொல்லிவிட்டு, இப்போதாவது வெற்றிலை உண்டா என்று டாக்டரையே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஏழாம் பாய் இரண்டு என்றார், சரி. நான்கு என்றார், சரி. டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பெரியப்பா ஆளுக்கு ஒரு துண்டு போர்த்தினார்.

பிறகு என் அம்மா எஸ்டேட்காரம்மாவைக் கைப்பிடித்துத் தாழ்வாரத்துக்கு, கவிழ்த்து வைத்த பெஞ்சுகளின் ஓரத்துக்குக் கூட்டிப்போனாள். சங்கத்து அக்காமார் ஏற்கெனவே அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக இருந்தார்கள். சொன்னதும் கட்டிப்பிடித்துச் சேர்ந்து அழுவது வழக்கம். இத்தனை நாள் தள்ளிப்போட்டதை அன்றைக்குச் செய்துவிடலாம் என்று இருந்தார்கள்.

என் அம்மா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "யக்கா, ஒண்ணு சொல்லணும். மனசத் தெடப்படுத்திக்கங்க," என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் தாயி."

என் அம்மா பிடித்த கையை விட்டுவிட்டாள்.

"மகன் வந்தன்னைக்கே தெரியும். அன்னைக்கி வந்தது எங்க எஸ்டேட்டு லாரிதான?"

என் அம்மா ஆமாம் என்றாள்.

"அடக்கம் பண்ணிட்டாகளா?"

"பண்ணிட்டாகக்கா. நாங்கதான் பண்ணச் சொன்னோம். உங்க கண்ணுக்காகத்தான்."

எஸ்டேட்காரம்மா கண்ணாடி வழியாக என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியில் அவர் கண் இரண்டும் பெரிதாக, தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி தெரிந்தன. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார்கள்.

"இப்ப அழுகலாமா?" என்று கேட்டார்.

என் அம்மா, இருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து டாக்டரிடம் போனாள். அந்த முகாம் முழுக்க என் அம்மா டாக்டரிடம் நேராகப் போய்க் கேட்டது அது ஒன்றுதான். டாக்டர் பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே பதில் சொன்னார். என் அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒரு மாசத்துக்குக் கூடாதாம்க்கா. மூக்குக்கூடச் சிந்தக் கூடாதாம்."

எஸ்டேட்காரம்மா தலையாட்டினார். நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். சங்கத்து அக்காமார் இடுப்பில் செருகிய தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மகன் ஜீப் கொண்டுவந்தார். இப்போது துண்டு கட்டியிருக்கவில்லை. எஸ்டேட்காரம்மா கையை நீட்டவில்லை. வாசல் வெளிச்சத்தில் அவரை நிறுத்திவைத்து வெகுநேரம் பார்த்தார். மகன் குனிந்துகொண்டார்.

"தலையத் தூக்குலே. மீசை இல்லன்னா நீ அவுகளாட்டமே இருக்க," என்றார்.

ஜீப்பில் ஏறும்போது என்னைக் கவனித்துவிட்டார். விசிறின புள்ளை நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மூக்கு, நினைத்தபடிதான் இருக்கிறது என்றார். ஜீப் போனது. அவர் கண் கடைசிவரை நன்றாக இருந்ததாகவும் மறுபடி கொழுந்து பறிக்கப் போனதாகவும் லாரி டிரைவர் எப்போதோ பெரியப்பா கடையில் சொல்லியிருக்கிறார்.

என் அம்மா அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. சில வருடங்களுக்கு முன்னால் அவளுக்கும் கண் ஆபரேஷன் ஆனது. ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆட்டோவில் திரும்பி வரும்போது, "கொஞ்சமா அழுதா என்னடி ஆகும்?" என்று கேட்டாள். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரிடமும் கேட்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

முகாம் முடிந்த மறுநாள் பள்ளிக்கூடத்தைக் கழுவிவிட்டார்கள். மணல் மூட்டைகளையெல்லாம் பிரித்து, விளையாட்டு மைதானத்தில் நீளம் தாண்டும் குழியில் மணலைக் கொட்டினோம். என் நீலப் பாவாடைத் துணியைத் தேடினேன். சங்கத்து அக்கா ஒருவர் அதை நனைத்துத் தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சுகளை உள்ளே தூக்கிப் போட்டோம்.